மே பத்தும் மாட்டுப் பொங்கலும்

19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை தேவயானி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். கோயம்புத்தூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அரையாண்டு மதிப்பெண் வந்த அன்றே அப்பா என் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். அம்மாவின் போனில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்கிறார். எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலை நம் வீட்டுக்கு அனுப்பிவிடாதே. என்னோடு படிக்கிற ரெஹானா வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், உத்தமபாளையம். அவள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. "போன் காலத்துல இப்படி ஒரு கூத்தா? வரட்டும் புள்ள, நான் பிரிக்க மாட்டேன்" என்றார்கள்.

நீ சொன்னபடி தேனி கிளப்புக்குப் போய்விட்டேன். அப்பாவிடம், "ஞாயித்துக்கிழம தேனியில கோச்சிங்" என்றேன். என்ன கோச்சிங் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் சின்னமனூரில் நின்றபோது, அங்கே இருக்கிற அத்தை ஏறிவிடுவார்களோ என்று சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கிளப்பில் ஒரு பாங்க் மேனேஜர், ஒரு கண் டாக்டர், இரண்டு ஏலக்காய் வியாபாரிகள், ஜான்சி என்று ஒரு நர்ஸ் அக்கா. எல்லாரும் பெரியவர்கள். நீந்திவிட்டு ஈரத்தோடு சைக்கிள் ஏறி, அதிலிருந்து இறங்கி ஓடுகிறார்கள். ட்ரையத்லான் என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பார்த்த பிறகு ஆசையாக இருக்கிறது.

ஆனால் மானம் போய்விட்டது அக்கா. கண்மாயில் தூரத்து மிதவையைக் காட்டி, தொட்டுவிட்டு வா என்றார் கோச் சூரியபிரகாஷ் சார். நான் தலையைக் குனிந்து வேகமாக நீந்தினேன். பரிசலில் கூட வந்தவர் கத்தினார்: "ஏ பாப்பா, அங்கன எங்க போற? அங்கிட்டு ஆகாயத்தாமரைதான் கெடக்கு!" நிமிர்ந்து பார்த்தால் மிதவை எங்கேயோ வலப்பக்கம் இருந்தது.

"எங்கம்மா நீச்சல் படிச்ச?" என்றார் சார்.

"எங்க தோட்டத்துக் கிணத்துல சார்."

"அதான் வட்டம் போடுற. இது கண்மாய்மா. சுவரு வராது."

எல்லாரும் சிரித்தார்கள். தலையை பஸ் ஜன்னல் காற்றில் காயவைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இன்னொன்று. மாட்டுப் பொங்கலன்று எனக்குப் பதினேழு முடிந்தது. அன்றைக்கு அத்தை பழத்தட்டோடு வந்தார்கள். என்னை நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்கள். எதற்கென்று அம்மா சொல்லவில்லை. உனக்குத் தெரியுமா?

படித்ததும் கிழித்துப் போடு.

தேவு

*

கோவை, 02.02.2025

பிரியமான தேவுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன், தொடை மட்டும்தான் என்னுடையதில்லைபோல வலிக்கிறது. நேற்று எங்கள் கிளப்போடு மருதமலைப் பக்கம் நீண்ட சைக்கிள் பயிற்சி. அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

வட்டம் போடுவதற்கு வைத்தியம் இருக்கிறது. முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பார். கரையில் உயரமாக, அசையாமல் நிற்கிற ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள். சில கை வீச்சுக்கு ஒருமுறை அது எதிரே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குனி. கிணற்றில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி உன் வலது கை பலமாகிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். ஜூலை பதின்மூன்றாம் தேதி கோவைப் பக்கம் ஒரு அணையில் பந்தயம். நீச்சல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சைக்கிள் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. தனியாகவும் செய்யலாம், மூன்று பேர் அணியாகவும் செய்யலாம். எனக்குத் தண்ணீர் என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தக் கிணற்றில் விழுந்ததிலிருந்து குளியலறை வாளியைக்கூட நம்புவதில்லை. அதனால் நீ நீந்துகிறாய், நான் சைக்கிள், உங்கள் கிளப் ஜான்சி ஓட்டம், அவளிடம் போனில் பேசிவிட்டேன். நீ கரையேறி ஓடிவந்து, நேரத்தைக் கணக்கிடுகிற உன் கால் பட்டையைக் கழற்றி என் காலில் கட்டுவாய். அதைத்தான் நினைத்துக்கொண்டு மிதிக்கிறேன்.

பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்று விதி. பள்ளிக்கூடக் கணக்கில் உனக்கு மே பத்தாம் தேதி பதினெட்டு. தங்கபாண்டி வாத்தியாரை வாழ்த்து. அவர் அன்றைக்கு உன் காதைத் தொடச் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்கு அணியே கிடையாது.

நன்றாகச் சாப்பிடு. கையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா விஜி

*

23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவு எழுதுவது. நலமா? இங்கே திராட்சைக்குப் பனி விழுந்து அப்பாவுக்குக் கவலை. மற்றபடி எல்லாரும் சுகம்.

தங்கபாண்டி வாத்தியார் கதையை ரெஹானாவிடம் சொன்னேன். நீ பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் நானும் வருவேன் என்று நான் புரண்டு அழுதது, அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது, வாத்தியார் "வலது கையத் தலைக்கு மேல போட்டு எடது காதத் தொடு பாப்போம்" என்றது, நான்கு வயதிலேயே என் கை காதைத் தாண்டிப் போனது. அவர் சிரித்துக்கொண்டே ஐந்து முடிந்துவிட்டது என்று ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிட்டாராம். அப்புறம் நான் வகுப்பில் தூங்கித் தூங்கியே ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். ரெஹானா சொல்கிறாள், "ஒனக்குக் கை இல்லடி, துடுப்பு."

நேராக நீந்தப் பழகுகிறேன். முதலில் ஒரு காற்றாலையைப் பிடித்துவைத்துக்கொண்டேன். வரிசையாக எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் ஒவ்வொரு தடவை தலை தூக்கும்போதும் வேறு வேறு காற்றாலைக்குப் போனேன். இப்போது கரையில் ஒற்றைப் பனை ஒன்று கிடைத்திருக்கிறது. போன வாரம் மிதவையைத் தொட்டுத் திரும்பினேன். "பரவாயில்ல, கிணறு ஒடைஞ்சிருச்சு" என்றார் சார்.

அத்தை மறுபடி வந்தார்கள். வளையல் அளவு என்று என் கையை அமுக்கிப் பார்த்தார்கள். இனியன் அத்தானுக்காம். நான் அடுப்படியில் நின்றேன், பேச்சு கேட்டது.

"பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்" என்றாள் அம்மா.

"பரீச்ச கெடக்கட்டும் மதினி. வயசு பதினெட்டுங்கிறாக. அது ஆயிருச்சுன்னா எவன் கேக்கப்போறான்?" என்றார்கள் அத்தை.

அப்பா சொன்னார், "மே பத்து தாண்டட்டும்."

நீ சொன்ன அதே மே பத்து அக்கா. எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தான் கெட்டவர் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் வைத்திருக்கிறார், என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கிப் போகிறார். ஆனால் எனக்கு வேண்டாம். போன கடிதத்தில் அத்தையைப் பற்றிக் கேட்டேன், நீ ஒன்றும் எழுதவில்லை. இந்தத் தடவை எழுது. நான் என்ன செய்யட்டும்?

மறக்காமல் கிழித்துப் போடு.

தேவு

*

கோவை, 12.03.2025

பிரியமான தேவுவுக்கு,

நான் நலம். பரீட்சை நடந்துகொண்டிருக்கும், பதற்றமில்லாமல் எழுது. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

இங்கே வந்திருந்த ஜான்சியிடம் உனக்கு நீச்சல் கண்ணாடி ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். பக்கத்துப் பட்டையை ரொம்ப இறுக்காதே, தலை வலிக்கும். பரீட்சை முடியும்வரை கிணற்றில் மூச்சுப் பயிற்சி மட்டும் போதும். அணியின் பெயரைச் சொல்லிவைத்துவிட்டேன், மே பத்துக்குப் பிறகு உன் ஆதார் நகலை அனுப்பினால் முடிந்தது. பெயர் என்ன தெரியுமா? "வட்டக் கிணறு." கோபப்படாதே, சூரியபிரகாஷ் சார் வைத்தது.

அத்தை பேச்சு எப்போதும் பேச்சுதான். அதைத் தலையில் போட்டுக்கொண்டு படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
விஜி

*

06.04.2025

அக்காவுக்கு,

சுகம்தானே. பரீட்சை முடிந்துவிட்டது. டைப்ரைட்டிங் வகுப்பென்று உத்தமபாளையம் போய் வருகிறேன், அதனால் ரெஹானா வீட்டுக்குப் போக முடிகிறது. கண்ணாடி கிடைத்தது. நன்றாக இருக்கிறது.

நேற்று அம்மாவும் நானும் பந்தலுக்குக் கீழே திராட்சைக் கொத்தில் பிஞ்சு கத்தரித்துக்கொண்டிருந்தோம். பந்தலைப் பார்த்தே நிற்கிற வேலை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கத்தரிப்பதை நிறுத்தவில்லை. "ஒங்கக்காளத்தான் மொதல்ல கேட்டு வந்தாக. தீவாளிக்கு வந்தப்ப மாட்டேன்னுட்டா. சரி, மூத்தவ மாட்டேங்கிறா, சின்னவளப் பேசுவோம்னு நாந்தேன் சொன்னேன்."

"அப்ப அக்கா எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்தா? இந்தா, சோத்துத் தட்டோட எம்முன்னாடிதான் உக்காந்திருந்தா."

"என்ன சொல்லுச்சு?"

"என்னத்தச் சொன்னா? கையக் கழுவிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா."

அக்கா, நான் உனக்கு இதோடு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நீ எனக்குக் கண்ணாடியும் முதலைப் பார்வையும் அனுப்பினாய். அம்மா சொன்னது நிஜமா? கையைக் கழுவும்போது உனக்கு என்ன தோன்றியது?

இதற்கு மட்டும் பதில் எழுது. சைக்கிளைப் பற்றி எழுதாதே.

தேவு

*

11.05.2025

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று ஜான்சி அக்கா சொன்னார்கள். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ரெஹானா ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போஸ்ட்மேனுக்குத்தான் காய்ச்சலாம்" என்று சொல்லிச் சிரிக்கவைக்கிறாள்.

பிளஸ் டூவில் பாஸாகிவிட்டேன். கணக்கில் நல்ல மதிப்பெண். வீட்டில் யாரும் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

நேற்று மே பத்து. அத்தை வீட்டில் எல்லாரும் வந்து தேதி குறித்துவிட்டார்கள். ஆனி இருபது, அதாவது ஜூலை நான்கு. பந்தயத்துக்கு ஒன்பது நாள் முன்னால். நேற்றே சூரியபிரகாஷ் சாரும் ஜான்சி அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார், "பதினெட்டு ஆயிருச்சுல்ல, ஆதார் நகல் வேணும்" என்று. இரண்டு பக்கமும் ஒரே நாளுக்குத்தான் காத்திருந்தார்கள்.

சுற்றிச் சுற்றி யோசித்தேன். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் குற்றம். நான் மாட்டுப் பொங்கலுக்குப் பிறந்தவள், எனக்கு இன்னும் பதினேழுதான் என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். ஆனால் அதையே சொன்னால் அணையிலும் இறங்க முடியாது. அணி போய்விடும், உன் தொண்ணூறு கிலோமீட்டரும் போய்விடும். மே பத்துதான் என் பிறந்தநாள் என்று சொன்னால் நீந்தலாம், ஆனால் அதற்கு முன்பே என்னைச் சின்னமனூருக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். தாலியோடு யார் என்னைக் கண்மாய்க்கு அனுப்புவார்கள்?

நான் எந்தத் தேதிக்குப் பிறந்தவள் அக்கா? நீயே சொல். நான் பிறந்தபோது நீ விவரம் தெரிந்த பிள்ளை. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "இது ஏன் செவப்பா இருக்கு?" என்று கேட்டாயாமே.

பயமாக இருக்கிறது. கிழித்துவிடு.

தேவு

*

கோவை, 24.05.2025

பிரியமான தேவுவுக்கு,

பாஸானதற்கு வாழ்த்து. வேலை அதிகம், ஆண்டுக் கணக்கு முடிப்பு. அதனால்தான் தாமதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நன்றாக யோசித்துவிட்டேன். இப்போதைக்கு யாரிடமும் வயதைப் பற்றிப் பேச வேண்டாம், குறிப்பாக சாரிடம். ஆனியில் உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தள்ளிப் போடு. ஆவணிக்குப் போய்விட்டால் போதும். பந்தயம் முடியட்டும். அதன் பிறகு நானே வந்து அப்பாவிடம் பேசுகிறேன். ஒரு வருடமாக இதற்காக மழையிலும் மிதித்திருக்கிறேன் தேவு. இன்னும் கொஞ்ச நாள்தான்.

காற்று ஆரம்பித்திருக்கும். எதிர்க்காற்றில் தண்ணீர் அலையடிக்கும்போது மூச்சை அடுத்த பக்கம் எடுக்கப் பழகு.

அன்புடன்,
விஜி

*

08.06.2025

விஜி அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் நலம் ஜான்சி அக்கா மூலம் தெரியும்.

உடம்பு சரியில்லை என்று நடித்தேன். அத்தை வேப்பிலையும் மாத்திரையுமாக வந்து இரண்டு நாள் தங்கிவிட்டார்கள். அப்படி ஆனது உன் யோசனை.

அதனால் என் யோசனையைச் செய்தேன். ரெஹானா அம்மாவின் போனில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். ரெஹானா அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லு புள்ள, கேக்காது" என்றார்கள். வியாழக்கிழமை ஒரு அம்மாவும் ஒரு சாரும் ஜீப்பில் வந்தார்கள். அப்பா என் டிசியை எடுத்துக் கொடுத்தார். மே பத்து என்று அதில் இருந்தது.

"பதினெட்டு ஆயிருச்சே" என்றார்கள் அந்த அம்மா.

நான் எல்லார் முன்னாலும், "இல்ல மேடம், நான் மாட்டுப் பொங்கலுக்குப் பொறந்தவ, எனக்குப் பதினேழுதான்" என்றேன்.

அப்பா சிரித்தார். "ஸ்கூல்ல போட்டதுதான் தேதி மேடம். பிள்ளைக்குக் கல்யாணப் பயம்."

வேறு சான்று இருந்தால் கொண்டு வா என்று சொல்லி ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு, நம் அம்மா வாங்கிவந்த கலரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜீப் தெரு முனை தாண்டியதும் அப்பா, "எவ போன்ல பேசின?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. டைப்ரைட்டிங் கிடையாது, தேனி கிடையாது, கிணற்றுப் பக்கமும் போகக் கூடாது. இந்தக் கடிதத்தை, நோட்டு வாங்கவருவதுபோல் வந்த ரெஹானாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

என் கை ஏன் இவ்வளவு நீளம் அக்கா? குட்டையாக இருந்திருந்தால் வாத்தியார் அடுத்த வருடம் வா என்று அனுப்பியிருப்பார்.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அந்தப் பதிவு அங்கே இருக்கும். இங்கிருந்து நான் போக முடியாது, அம்மா போக மாட்டாள். அந்த மேடத்தின் நம்பர் கீழே இருக்கிறது. இதற்கும் நீ காற்றைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

தேவு

*

உத்தமபாளையம் பேருந்து நிலையம், 19.06.2025

தேவு,

நன்றாக இரு, பயப்படாதே. கோவையிலிருந்து நேற்று இரவே புறப்பட்டேன். பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஜனவரி 16, 2008. பெண் குழந்தை. பெயர் எழுதவில்லை, அப்பா அம்மா பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவர், "இவ்வளவு நாளா எதுக்கும் வேணாம்னு இருந்துட்டு இப்ப எதுக்குமா?" என்றார். "பதினேழுன்னு காட்டத்தான்" என்றேன். விநோதமாகப் பார்த்தார்.

மேடத்திடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை அவர்களோடு வீட்டுக்கு வருகிறேன்.

சூரியபிரகாஷ் சாரிடமும் சொல்லிவிட்டேன். "மொதல்லயே சொல்லிருக்கணும்மா. வயசு கொறஞ்ச பிள்ளைய அணையில எறக்குனேன்னா நான் என்ன கோச்?" என்றார். திட்டு எனக்குத்தான், உனக்கு இல்லை. ஜனவரிக்குப் பிறகு உன்னை வரச் சொன்னார். பந்தயத்திலிருந்து நம் அணியை எடுத்தாகிவிட்டது.

கடிதத்தை ரெஹானாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறேன். பெரியகுளத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கல்.

விஜி

*

கோவை, 02.07.2025

பிரியமான தேவுவுக்கு,

சுகமாக வந்துசேர்ந்தேன். நீ, அம்மா, அப்பா எல்லாரும் எப்படி? அப்பா சாப்பிடுகிறாரா?

இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. சைக்கிளைத் துடைத்து உறை போட்டுவைத்துவிட்டேன், பார்த்தால் எரிச்சல் வருகிறது. பந்தயத்தன்று தண்ணீர் கொடுக்கிற மேசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நிற்பேன்.

சாயங்காலம் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, "ஆன்ட்டி, மூஞ்சிய உள்ள விடுங்க, ஒண்ணும் கடிக்காது" என்றது. மூன்றாம் நாள் விட்டேன். தண்ணீருக்குள் நம் கிணற்றுச் சத்தமே கேட்டது. வெளியே வந்து வாந்தி எடுத்தேன். நாளைக்கும் போவேன்.

விஜி

*

15.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவு எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால், அப்பாவுக்கு மனசு. மற்றபடி சுகம். தண்ணீரில் வாந்தி எடுத்தால் முகத்தை நிமிர்த்தாதே, மூக்கில் ஏறும். இது நான் சொல்லித் தருவது.

இதைப் பகலில் எழுதுகிறேன். அப்பா கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரமாக அவர் என்னிடம் பேசவில்லை. அம்மா சோற்றுத் தட்டை டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். அத்தை கொடுத்த சேலையைத் திருப்பி வாங்கிப் போகும்போது, "அக்காளும் தங்கச்சியும் சேந்து எங்க மானத்த வாங்கிட்டாளுக" என்று தெருவில் நின்று சொன்னார்கள். நான் உள்ளே அழுதேன். அத்தான் வரவில்லை. உத்தமபாளையம் கடையில் பார்த்த ரெஹானாவிடம், "எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு" என்றாராம். எது தெரியாது என்று சொல்லவில்லையாம்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். அப்பா வாசலில், "இங்கன எதுக்கு வந்த?" என்றார். நீ சான்றிதழை மேடத்திடம் கொடுத்துவிட்டு, "இவ மாட்டுப் பொங்கலுக்குப் பொறந்தவப்பா. அன்னைக்கி நீங்கதேன் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டுனீக" என்றாய். அப்பா பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு முடியாமல் எனக்குக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று மேடம் எழுதச் சொன்னதை அப்பா எழுதுவதற்கே மதியமாகிவிட்டது. வந்தவள் பட்டினியாகப் போகக் கூடாதென்று அம்மா உனக்குத் தட்டு வைத்தாள். நீ சாப்பிட்டு முடித்தாய். ரசச் சோறு உன் விரலில் காய்ந்து வெள்ளையாகிவிட்டது. அப்போதும் நீ எழுந்திருக்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டு, மேடம் அதை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் கை கழுவப் போனாய்.

நான் அடுப்படிக் கதவில் நின்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் கேட்ட கேள்வியை இனிக் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, நீங்கள் எல்லாரும் அந்த அணையில் நின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். நேராகக் கிணற்றுக்குப் போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வட்டம்தான், வேறு வழி இல்லை. ஆனால் இந்தத் தடவை வலப்பக்கமாகவே திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். மேலே இருந்து பார்த்தார். நேராகப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம். நான் நீந்த நீந்தத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. படிக்கட்டில் புதிது புதிதாகப் படி தெரிந்தது. நானும் விடவில்லை, அவரும் நிறுத்தவில்லை. கடைசியில் அம்மா துண்டோடு வந்து விளிம்பில் நின்று, "ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு? கரண்டு பில்ல யாரு கட்டுறது?" என்று கத்தினாள். அப்போதுதான் மோட்டார் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்து தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

அத்தையிடம் அப்பா, "தை பொறக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சூரியபிரகாஷ் சாரும் தை மாதத்தைத்தான் சொல்லியிருக்கிறார். மறுபடியும் இரண்டு பக்கமும் ஒரே நாளுக்குக் காத்திருக்கிறார்கள். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, பயமும் இருக்கிறது. ஆனால் அந்த நாள் வாத்தியார் போட்டது இல்லை. நான் பிறந்த நாள். அன்றைக்கு முடியாது என்று நான் சொன்னால், அது பதினெட்டு வயதுக்காரி சொன்னது.

கால் பட்டையைக் கட்டிவிட உனக்கு ஆள் வேண்டாம் போலிருக்கிறது, நீயே நீந்திவிடுவாய். இருந்தாலும் எனக்கு ஒரு இடம் வை.

இனி ரெஹானா வீட்டுக்கு எழுதாதே. என் பெயர் போட்டு நம் வீட்டு முகவரிக்கே எழுது. போஸ்ட்மேன் அப்பா கையில் கொடுத்தாலும் கொடுக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம்.

உன் தங்கை,
தேவயானி